கடவுச்சீட்டில் ஐந்தடி ஏழங்குலம்

ஊரில் நல்ல மனிதர் என்று பேர் எடுத்த ஒருவர், காணாமற்போனவன் செத்துவிட்டான் என்பதைத் தெரிந்துகொண்டே எட்டு மாதம் வாய் திறக்காமல் இருந்தால், அந்த எட்டு மாதமும் அவர் நல்லவராகத்தான் இருந்தாரா? கல்முனையில் 'போம்' காலிதீன் என்று அறியப்பட்டவரின் வாழ்க்கையைத் திருப்பிப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைத் தாண்டி அப்பால் போக முடிவதில்லை.

அவரைப் பெரிய மனிதராக்கிக் காட்ட இதில் எதுவும் இல்லை. தபாற்கந்தோருக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. அதன் பக்கத்துத் தகரத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு மேசையும் இரண்டு வாங்கும் போட்டு, மற்றவர்களின் போம்களை, அதாவது விண்ணப்பப் படிவங்களை, நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறப்புப் பதிவு, காணிப் பெமிட், பொலிஸ் முறைப்பாடு, அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் பெட்டிசம். கையெழுத்து அழகானது. அவர் எழுதியதைக் கச்சேரி திருப்பி அனுப்பியதில்லை என்பார்கள். கச்சேரியில் யாரும் முழுதாக வாசிப்பதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஐந்து நேரமும் தொழுதார். குரலை உயர்த்திக் கதைக்க மாட்டார். கொஞ்சம் பயந்த மனிதர். பயந்தவர்கள் தீமை செய்யாமல் இருக்கும்போது ஊர் அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொள்கிறது.

எழுபத்தேழுக்குப் பிறகு சவூதி, குவைத் என்று ஊர் கிளம்பத் தொடங்கியது. காலையில் வாங்கு இரண்டும் நிறைந்து, மிச்சப் பேர் வீதியோரம் நின்றார்கள். எல்லாருக்கும் கடவுச்சீட்டுப் போம். அதில் உயரம் என்று ஒரு கட்டம் இருந்தது.

முதல் வருசம் காலிதீன் ஒழுங்காக அளந்தார். தேத்தண்ணிக் கடைத் தூணில் பென்சிலால் அடியும் அங்குலமும் கோடு போட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, ஆளை நிறுத்தி, தலையில் ஒரு கொப்பியை வைத்துப் பார்த்து எழுதுவார். ஆட்கள் கூடக் கூட அதற்கு நேரம் இல்லாமற்போனது. அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஆள் பிடிக்க வந்த ஏஜென்சிக்காரர் ஒருவர், தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: "மாஸ்டர், அரபிக்காரன் கட்டை ஆளை வேலைக்கு எடுக்க யோசிப்பான். ஐஞ்சு ஏழுக்குக் கீழ எழுதாதீங்க. ஆர் அளந்து பாக்கப் போறான்?"

யாரும் அளந்து பார்க்கவில்லை. கடவுச்சீட்டுக் கந்தோர் போமில் இருந்ததை அப்படியே பதிந்தது. கிராம சேவகர் கையொப்பம் போட்டார். படமோ நெஞ்சுக்கு மேல். அதனால் அடுத்த மூன்று வருசத்தில் காலிதீனின் மேசையைத் தாண்டிப் போன முந்நூற்றுச் சொச்சம் பேரும் ஐந்தடி ஏழங்குலம் ஆனார்கள்.

"கடுதாசியில பாத்தா நம்மட ஊரே பட்டாளம்தான் காக்கா," என்று அண்ணன் முறை வைத்துக் காலிதீனிடம் சொல்லிச் சின்னப்போடி சிரிப்பான். சின்னப்போடி ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் வேலை செய்கிறவன். பத்து மணிக்கு அந்தக் கடைக்கு வந்து ஒரு பிளேன்ரீ குடிக்காவிட்டால் அவனுக்கு நாள் தொடங்காது.

எழுபத்தொன்பதில் ஒருநாள் ஜவுபர் வந்து வாங்கில் உட்கார்ந்தான். மீராமுகைதீனின் ஒரே மகன். சுபைறாவைக் கட்டி இரண்டு வருசம். எழும்பி நின்றால் காலிதீனின் காதளவு வருவான்.

"நான் எத்தின அடி காக்கா?"

"உனக்கு எத்தின அடி வேணும்?"

"சவூதிக்காரன் பாத்துப் பயப்பிடணும்."

"அப்ப ஐஞ்சு ஏழு. அதுக்கு மேல போட்டா நீ கண்ணாடி பாத்துப் பயந்திருவாய்."

வாங்கில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஜவுபரும் சிரித்தான். காலிதீன் எழுதினார். அன்றைக்கு அவர் எழுதிய ஒன்பதாவது ஐந்தடி ஏழங்குலம் அது.

கடவுச்சீட்டு வந்தது. விசா வரவில்லை. விசாவுக்காக ஏஜென்சிக்குக் கட்ட, ஆற்றைக் கடக்கும் கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் சொறிக்கல்முனைப் பக்கம் இருந்த இரண்டு ஏக்கர் வயலை விற்கச் சொல்லி ஜவுபர் வாப்பாவோடு மல்லுக்கு நின்றான். மீராமுகைதீன் இணங்கவில்லை. எண்பத்தோராம் ஆண்டு தை மாதம், மூன்று நாள் விடாத மழை. காலைச் சாப்பாட்டில் தொடங்கிய வாய்த்தர்க்கம், "இந்த வீட்டுப் பக்கம் இனி வரமாட்டன்" என்று ஜவுபர் படலையை இழுத்துச் சாத்திக்கொண்டு போனதில் முடிந்தது. போனவன் வரவில்லை.

கொழும்பு பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். கடவுச்சீட்டு வீட்டு அலுமாரியில் கிடக்கிறதே என்று சுபைறா கேட்டபோது, வேறு பேரில் வேறு பாஸ்போட் எடுத்திருப்பான், இப்ப அதெல்லாம் நடக்கிறதுதானே என்றார்கள். கொழும்பில் ஒருத்தி இருக்கிறாளாம் என்றும் ஒரு கதை வந்தது. தாம்போதிக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நாளில், அதே வயலில் வரம்பு உடையாமல் பார்க்கத்தான் அவன் போயிருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவன் வாப்பாவின் வயலைக் காக்கப் போவான் என்று யார் நினைப்பார்?

ஆவணியில் தண்ணீர் வற்றியது. கிட்டங்கியில் தண்ணீரை மூடிப் படர்ந்த ஆற்றுவாழையை வெட்டித் துப்புரவாக்கியவர்களின் கத்தியில் எலும்பு தட்டுப்பட்டது. தலை இல்லை. இரண்டு தொடை எலும்பு, ஒரு கீழ்க்கால் எலும்பு, ஒரு கை எலும்பு, கொஞ்சம் விலா, ஒரு இடுப்புப்பட்டியின் உக்காத பித்தளைக் கொழுக்கி. அந்தக் கொழுக்கி ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும்.

இரண்டு நாள் கழித்து, பத்து மணிக்கு வராத சின்னப்போடி மத்தியானம் தாண்டி வந்து, வழக்கத்துக்கு மாறாகக் காலிதீனின் மேசைப் பக்கம் வாங்கிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"இண்டைக்குப் புதுமையான வேலை காக்கா. ஒரு நீட்டுப் பலகை. ஒரு தலைப்பில ஒரு கட்டைய நிறுத்தி அடிச்சிரிக்கு. மத்தத் தலைப்பில ஒரு கட்டை நகரும். நடுவில தொடை எலும்பக் கிடத்தி, நகருற கட்டையைக் கொண்டுபோய் முட்ட வெச்சு, இடையில எவ்வளவு எண்டு பாக்கிறது. டாக்குத்தர் மூண்டு தரம் அளந்தார். நான் பிடிச்சுக்கிட்டு நிண்டன்."

"என்னத்துக்கு?"

"எலும்ப வெச்சு ஆள்ர உயரத்தச் சொல்லலாமாம். நாப்பத்திரண்டு சென்றிமீற்றரும் சொட்டும் வந்திச்சு. மறுகா ஒரு பொத்தகத்தப் புரட்டி, ஒரு கணக்கால பெருக்கி, இன்னொண்டக் கூட்டி, ஐஞ்சடி மூண்டு அங்குலம் எண்டார்."

"அவ்வளவு சரியாச் சொல்லலாமா?"

"சரியா எண்டு அவர் சொல்லல்ல. ஒண்டரை அங்குலம் கூடவும் வரலாம், குறையவும் வரலாமாம். பொத்தகத்தில உள்ள கணக்கு வெளிநாட்டு ஆக்கள்ர எலும்பில போட்டது, நம்மட ஆக்களுக்கு எவ்வளவு பொருந்தும் எண்டு தெரியாது எண்டும் எழுதினவர். உங்களுக்கு ஐமிச்சம் எண்டா உங்கட தொடை எலும்ப ஒருக்காத் தாங்க, அளந்து சொல்லுறன்."

காலிதீன் சிரித்தார். "ஆரெண்டு தெரிஞ்சுதா?"

"மீராமுகைதீன் காக்காட மகனா இரிக்குமோ எண்டு பொலிசுக்கு ஒரு எண்ணம் இருந்திச்சு. வீட்டில போய் பாஸ்போட்ட எடுத்துக்கொண்டு வந்து காட்டினாங்க. அதில ஐஞ்சடி ஏழு. நாலு அங்குலம் இடிக்குது. டாக்குத்தர் கூடக் குறையப் போட்டும் எட்டல்ல. ஆள் அவனில்ல எண்டு அறிக்கை போகுது."

காலிதீனின் கையில் ஒரு போம் இருந்தது. அதை இரண்டாய் மடித்தார், நாலாய் மடித்தார். அது நிரப்பிய போம் என்றும், உரியவர் எதிரிலேயே நிற்கிறார் என்றும் பிறகுதான் கண்டார்.

அன்றைக்கு அவர் கண்டுகொண்டது ஒரு சின்ன விசயம் இல்லை. ஒரு மேசையில் ஒரு மனிதர் மூன்று தரம் அளந்து, தன் கணக்கில் எவ்வளவு பிழை வரலாம் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். இன்னொரு மேசையில் இன்னொரு மனிதர் அளக்காமல், சிரித்துக்கொண்டே ஓர் எண்ணை எழுதியிருந்தார். இரண்டு எண்களும் ஒன்றையொன்று சந்தித்தபோது, தனக்குச் சந்தேகம் உண்டு என்று ஒத்துக்கொண்ட எண் தோற்றது. அரசாங்க முத்திரை குத்திய எண்ணுக்குச் சந்தேகம் என்று ஒன்று இருக்கவில்லை.

மரண விசாரணையில் அடையாளம் தெரியாத ஆண் என்று எழுதப்பட்டது. மதம் தெரியாததால் தொழுகையும் இல்லை, கிரியையும் இல்லை. ஆஸ்பத்திரிக்குரிய புதைகாணியில் இலக்கம் போட்ட ஒரு கட்டையின் கீழ் எலும்புகள் அடக்கப்பட்டன. அறிக்கை இங்கிலிசில் இருந்தது. வாசலில் காத்திருந்த மீராமுகைதீனுக்கு சார்ஜன்ட் அதைச் சுருக்கமாகத்தான் சொன்னார்: "உயரம் சரிவரல்ல. உங்கட மகன் இல்ல." கிழவர் அங்கேயே, மணலில், நெற்றி பட விழுந்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். எத்தனை அடி என்று அவர் கேட்கவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தியை யாராவது அளந்து பார்ப்பார்களா?

அன்று பின்னேரம் காலிதீன் மனைவி ஜுனைதாவிடம் சொன்னார். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்காமலே கேட்டாள்.

"அது அவன்தான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஐஞ்சு மூண்டு எண்டா அவன்தான். எனக்குப் பக்கத்தில நிண்டவன்தானே புள்ள."

"ஊரில ஐஞ்சு மூண்டில ஆயிரம் பேர்."

"காணாமப் போனவன் ஒருத்தன்தான்."

ஜுனைதா கத்தியை வைத்தாள். "இப்ப போய்ச் சொன்னா என்ன நடக்கும் எண்டு யோசிச்சீங்களா? ஒண்டு பொய் எண்டா முந்நூறும் பொய். பொலிசு வரும். அங்க வேலை செய்யிற புள்ளையள்ர பாஸ்போட்ட எல்லாம் கிண்டுவான். முந்நூறு ஊட்டுச் சோத்தில மண்ணைப் போடப் போறீங்களா? அந்த மனிசன் இப்பதான் மகன் ஹயாத்தோட இரிக்கான் எண்டு சந்தோசப்பட்டுக்கிட்டு இரிக்கார். அதையும் பறிக்கப் போறீங்களா?"

நல்ல நியாயங்கள். காலிதீன் அவற்றை வாங்கி, நெடுநாள் வைத்துப் புழங்கினார். நியாயம் கிடைப்பது கஷ்டமில்லை என்பது அவருக்கு அப்போது தெரியாது. பயம் வந்தவனுக்கு நியாயங்கள் தாமாகவே வந்து சேரும், அதுவும் பிறரின் நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டு வரும்.

கிழவரின் சந்தோசம் ஒரு மாதம் நின்றது. பிறகு அது புளித்தது. உயிரோடு இருப்பவன் ஏன் ஒரு கடுதாசி போடவில்லை? பெருநாள் வந்து போனது. மகன் மன்னிக்கவில்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் ஆட்கள் கேட்பார்கள் என்று பள்ளிக்குப் போவதையும் குறைத்தார். சுபைறாவிடம் பெண்கள் நேரடியாகவே கேட்டார்கள், புருசன் ஏன் உன்னை விட்டுட்டுப் போனான், நீ என்ன சொன்னாய் என்று.

மார்கழி மழையில் ஒருநாள் சுபைறா காலிதீனின் மேசைக்கு வந்தாள். சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்து ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"காக்கா, மாமா அனுப்பினவர். சவூதியில இரிக்கிற நம்மட எம்பசிக்கு ஒரு கடுதாசி எழுதணும். இப்பிடி ஒரு ஆள் அங்க வந்திரிக்காரா எண்டு தேடித் தரச் சொல்லி."

காலிதீன் தாளை எடுத்தார். மை ஊற்றினார். ஊற்றிய பிறகும் போத்தலை மூடாமல் வைத்திருந்தார்.

"இருங்க தங்கச்சி."

அவள் வாங்கின் நுனியில் இருந்தாள். பேர், தகப்பன் பேர், பிறந்த திகதி, எல்லாம் சொன்னாள். பிறகு அவளே கேட்டாள்: "ஆளுட சாயலும் எழுதுவீங்கதானே? மாநிறம். இடக் கன்னத்தில ஒரு மறு. உயரம் எண்டா..." எழும்பி நின்று, தன் நெற்றிக்கு மேல் நாலு விரலை வைத்துக் காட்டினாள். "இவ்வளவுதான். கட்டை ஆள்தானே. நான் பகிடி பண்ணினா கோவம் வரும் அவருக்கு."

கையைக் கீழே இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அந்த விரல்கள் நின்ற இடம் டொக்டரின் பலகை சொன்ன இடம்தான் என்பதைக் காலிதீன் கண்டார். அதைச் சொல்ல அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு வசனம். அவர் குனிந்து எழுதினார்: உயரம், கடவுச்சீட்டின்படி, ஐந்தடி ஏழங்குலம்.

முதல் தரம் அந்த எண்ணை எழுதியபோது அது ஒரு பகிடி. இந்தத் தரம் அது என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தரமும் எழுத்து ஒரே அழகாகத்தான் இருந்தது.

எம்பசியிலிருந்து பதில் வரவில்லை. பங்குனிக் கடைசியில் மீராமுகைதீன் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, அஸர் தொழுகை முடிந்து காலிதீன் பார்க்கப் போனார். கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். சுபைறா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"காலிதீனா?"

"ஓம் மாமா."

"நீ நாலும் தெரிஞ்சவன். ஒரு மனிசன் வாப்பாவ எத்தின காலத்துக்குப் பகைக்கலாம்?"

"பகையெல்லாம் இல்ல மாமா."

"பகை இல்லாட்டி ஒரு வரி போட்டிருப்பான். அந்த வயல் என்ன வயல்? உப்புத் தண்ணி ஏறுற வயல். வித்துக் குடுத்திருக்கலாம். குடுத்திருந்தா போறப்ப ஸலாம் சொல்லிட்டுப் போயிருப்பான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவன் வந்தா, நான் பிழைதான் எண்டு சொல்லு. இல்லாட்டி, வரவே மாட்டானா? உனக்கு என்ன தோணுது?"

உங்கள் மகன் உங்களோடு பகைக்கவில்லை. கோபத்தோடு போனவன், எலும்பு கிடந்த கிட்டங்கி வழியாக, உங்கள் வயலுக்குத்தான் போனான், அதைக் காக்கப் போய்த்தான் செத்தான். இதுதான் காலிதீனிடம் இருந்த பதில். அந்த வீட்டில் யாருக்கும் இல்லாத, உலகத்திலேயே அவர் ஒருவர் மட்டும் கொடுக்கக்கூடிய பதில். அது கிழவரைக் கொன்றிருக்கலாம். ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். எதுவென்று இனித் தெரியப்போவதில்லை.

"வருவான் மாமா," என்றார் காலிதீன்.

மூன்றாம் நாள் ஜனாஸா. மையவாடியில் மூன்று பிடி மண் போடும் முறை காலிதீனுக்கும் வந்தது. முதல் பிடி போட்டார். இரண்டாம் பிடி போட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரைப் பின்னால் நின்றவர் தோளில் தட்டி நகர்த்த வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவர் மேசையைத் திறக்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், சின்னப்போடியைப் பிடித்து, டொக்டரின் அறை வாசலில் நின்றார். டொக்டர் நடுவயதுக்காரர், கதைப்பதைவிட அதிகமாகக் கேட்கிறவர். காலிதீன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"நீர் ஆளை அளக்கவே இல்லையா?"

"இல்ல ஐயா."

"ஒருதரையுமே?"

"முதல் வருசம் அளந்தன்."

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார். "நான் அந்த எலும்பை அளக்க ஒரு முழுக் காலையைச் செலவழிச்சன்," என்றார். வேறு எதுவும் சொல்லித் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலிதீனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"நீர் எழுதினது பிழை எண்டு மட்டும் வெச்சு நான் ஒண்டும் செய்ய ஏலாது," என்றார் பிறகு. "உயிரோட இருக்கேக்க ஆள் எவ்வளவு உயரம் எண்டு வேற ஏதும் அளந்து வெச்சதா இருக்கா? ஆள் சொல்லுறதில்ல. அளந்தது."

இருந்தது. சவூதிக்குப் போகவென்று ஜவுபர் ஒரு நீளக் களிசான் தைப்பித்திருந்தான். தையற்காரர் இடுப்பும் காலும் அளந்து தைத்தது. ஒருநாளும் உடுத்தாமல், சுபைறாவின் அலுமாரியில், கடவுச்சீட்டு இருந்த அதே தட்டில் மடித்துக் கிடந்தது. கடவுச்சீட்டை எடுத்துப் போன பொலிசார் அதைக் கையால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும். தையற்காரரின் கொப்பியிலும் அளவு இருந்தது. டொக்டர் களிசானை மேசையில் விரித்து உட்காலின் நீளத்தை எடுத்தார். எலும்பின் கணக்கோடு ஒப்பிட்டார். சுபைறாவைக் கூப்பிட்டு, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தைச் சுவரில் குறித்து அதையும் அளந்தார். மூன்றும் ஒரு அங்குலத்துக்குள் வந்து நின்றன.

"இதுவும் முழு நிச்சயம் இல்லை," என்றார் டொக்டர். "ஆனா கோட்டில சொல்லக்கூடிய அளவு."

விசயம் திரும்பவும் நீதவானிடம் போயிற்று. ஊருக்கு ஒரு பாதி மட்டும் தெரிந்தது: உயரத்தில் பிழை நடந்ததாம், காலிதீன் காக்காதான் கண்டுபிடித்து டாக்குத்தரிடம் சொன்னாராம். விசாரணைக்கு முதல் நாள் சுபைறா கறியும் சோறும் கொடுத்தனுப்பினாள். "அவர்ர மையித்துக்குத் தொழுகை கிடைக்கப் போறது காக்காவாலதான்," என்று சொல்லி அனுப்பியிருந்தாள். காலிதீன் அந்தப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

ஜுனைதா பக்கத்தில் வந்து இருந்தாள். "எப்ப தெரியும் எண்டு கேப்பாங்க. போன மாசம் பழைய கொப்பியப் பாக்கக்குள்ளதான் ஞாபகம் வந்தது எண்டு சொல்லுங்க. அதில ஆருக்கு என்ன கெடுதி? போனவர் போயிட்டார். எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். எனக்கு வாய் இல்ல எண்டு வெச்சுக்கொள்ளுங்க."

"ம்."

"சொல்லுவீங்களா?"

"ஓம்," என்றார்.

சித்திரை முதற்பாதியில் விசாரணை. பின்வாங்கில் சுபைறா அவளுடைய உம்மாவோடு இருந்தாள். சின்னப்போடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். டொக்டர் தன் பழைய அறிக்கையையும் புதியதையும் வாசித்தார். தையற்காரர் கொப்பியைக் காட்டினார். சுபைறா எழும்பி, தன் நெற்றிக்கு மேல் நாலு விரலை வைத்தாள். காலிதீன் சாட்சிக் கூட்டில் ஏறி, அளக்காமல் எழுதியதை ஒத்துக்கொண்டார். மற்றப் போம்களைப் பற்றி நீதவான் ஒன்றும் கேட்கவில்லை. அது இந்த விசாரணைக்குள் வராது என்றார். முந்நூறு வீட்டுச் சோறும் அப்படியே தப்பியது. எட்டு மாதமாகக் காலிதீன் அதன் பேரில்தான் வாயை மூடியிருந்தார்.

எலும்புகள் மீராமுகைதீன் ஜவுபருடையவை என்று நீதவான் தீர்மானித்தார். தோண்டியெடுத்து மனைவியிடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு எழுதினார். பின்வாங்கில் ஓர் அழுகை கிளம்பி, முக்காட்டுக்குள் அடங்கியது. பதினைந்து மாதத்தில் சுபைறாவுக்கு அழ அனுமதி கிடைத்த முதல் நாள் அது.

முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. நீதவான் பேனையை மூடப்போனவர், பதிவில் ஓர் இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நீர் எழுதினது பிழை எண்டு உமக்கு எப்ப தெரிய வந்தது? கிட்டடியில ஞாபகம் வந்ததுதானே?"

கேள்வியே பதிலையும் கையில் கொடுத்திருந்தது. ஓம் என்ற ஒரு சொல் போதும். காலிதீன் பின்வாங்கைப் பார்த்தார். சுபைறா முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றியோடு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல ஐயா," என்றார். "போன ஆவணியில, எலும்பு அளந்த அண்டைக்கே தெரியும். எம்பசிக்குக் கடுதாசி எழுதக்குள்ளயும் தெரியும். இவட மாமா மௌத்தாப் போறதுக்கு மூண்டு நாளைக்கு முன்ன என்னட்டக் கேட்டவர். அப்பவும் தெரியும்."

நீதவான் நிமிர்ந்தார். பேனை திறந்தபடி கையில் இருந்தது.

"இதை ஏன் இப்ப சொல்லுறீர்?"

அது பதிவுக்கான கேள்வி இல்லை. காலிதீன் கூட்டின் மரச்சட்டத்தைப் பிடித்தபடி நின்றார். அவர் பின்வாங்கைத்தான் பார்த்தார். நீதவான் அவர் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார்.